பிழையில்லாத பக்கம்

என்ன தப்பு என்றுதான் சுபிக்ஷா கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அதற்குப் போய் இரவு முழுக்கக் கண்ணை மூடாமல், காலையில் சட்னிக்கு உப்புப் போட மறந்து, கம்பெனி வேனில் எப்போதும் உட்காரும் ஜன்னலோரத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்து, இப்போது செக்கிங் மேசை முன்னால் நின்றபடி ஒரே டீஷர்ட்டை மூன்றாவது தடவையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் பஞ்சவர்ணம். கழுத்து, தோள், அக்குள், பக்கத்துத் தையல், கீழ்மடிப்பு, திருப்பு, முதுகு. கை தன் பாட்டுக்குப் போகிறது. கண்தான் கூடப் போகவில்லை. சாம்பல் நிறத் துணி வேறு, எண்ணெய்க் கறையை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற நிறம். தப்பு இருக்கிற இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போடவேண்டும். கறை எடுக்கிற ஆளோ தைக்கிற ஆளோ தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அம்பு நேரே கொண்டுபோய் விட்டுவிடும். திருப்பூருக்கு வந்த நாள் முதல் இதுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலும் இதுதான், சுபிக்ஷா வயிற்றில் இருந்தபோதும் இதுதான். தப்பு எங்கே என்று காட்டுவது மட்டும்தான் இவள் வேலை, சரிசெய்வது வேறு ஆட்கள் வேலை. "ஏம் புள்ள, கறை பீசத் தூக்கி நல்ல கட்டுல போட்டிருக்கற. கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று எதிரே நின்ற மரகதம் அந்தப் பீஸை எடுத்து இவள் மூக்குக்கு நேரே ஆட்டினாள். பஞ்சவர்ணம் சிரித்து வைத்தாள். மரகதத்தின் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் மரகதம் பார்ப்பது துணியை மட்டும்தான், அது ஒரு நிம்மதி.

எல்லாம் கௌசல்யா டீச்சர் இழுத்துவிட்டது. நல்ல மனுஷி, தலைமையாசிரியை என்ற கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொள்ளாதவர், சுபிக்ஷா படிக்கிற நடுநிலைப் பள்ளியைச் சொந்த வீடு மாதிரிப் பார்ப்பவர். ஆனால் நல்லவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, யோசனை வந்தால் உடனே செய்துவிடுவார்கள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டைக் காலி பண்ணும்போது இரண்டு அட்டைப்பெட்டி நாவல்களைப் பள்ளிக்குத் தந்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் பெரியவர்கள் படிக்கிறவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோ நூலகத்திலிருந்த முயல் கதை, ராஜா கதையெல்லாம் தீர்த்துவிட்டு, வேற இல்லையா டீச்சர், வேற இல்லையா டீச்சர் என்று பிய்த்தெடுக்கிறார்கள். சரி, பெற்றோர் கமிட்டியில் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துப் படித்து, எது பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் எது கூடாது என்று சொல்லுங்கள் என்றுவிட்டார். "நீங்க செக்கிங்ல இருக்கறவங்க பஞ்சவர்ணம், உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்றபோது இவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பத்தாவது வரை படித்ததை இதுவரை யாரும் ஒரு காரியத்துக்குக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தபோது பழைய வாரப் பத்திரிகைகளைக் கிழிந்த பக்கத்தோடு படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு மளிகைப் பொட்டலம் சுற்றிய தாளைப் பிரித்துப் படித்தவள், ஐந்து முழுப் புத்தகத்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவன் கனகராஜ், கட்டிங் மாஸ்டர், வாயில் பல்குத்தும் குச்சியோடு பார்த்துவிட்டு, "அட, எம் பொண்டாட்டி ஜட்ஜம்மா ஆயிட்டா" என்றான். கேலிதான், ஆனாலும் அந்தக் கேலியில் கொஞ்சம் பெருமை இருந்தது.

படிக்கும்போது பென்சில் தேடினாள், கிடைக்கவில்லை. கூடையின் ஓரத்தில் கம்பெனியிலிருந்து வந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடந்தது, பாதி தீர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. தப்பு என்று பட்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பை ஒட்டிக்கொண்டு போனாள். பென்சிலே கிடைத்திருந்தாலும் கை ஸ்டிக்கருக்குத்தான் போயிருக்கும், பழக்கம் அப்படி. முதல் புத்தகத்தில் ஒரு மிராசுதார், அவருக்கு ஊர்ப்பட்ட தொடுப்புகள், அட்டை முதல் அட்டை வரை அம்பாக ஒட்டிக் கடைசியில் புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி ஆயிற்று. இரண்டாவதில் நாலு கொலை. கொலைக்கு ஒரு அம்புகூட ஒட்டவில்லை, ரேழியில் ஒருத்தன் ஒருத்தியின் கன்னத்தில் முத்தம் கொடுத்ததற்கு ஒட்டினாள். ஒட்டிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. கழுத்தை அறுப்பது பிள்ளைகளுக்கு ஆகுமாம், கன்னத்தில் முத்தம் ஆகாதாம். ஆனாலும் எடுக்கவில்லை. மூன்றாவதில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பன். அங்கே கை நின்றது, எட்டாம் வகுப்பில் பாதி வீட்டில் இதைப் படிக்கவே வேண்டாம், சுவரில் காது வைத்தால் போதும், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். நாலாவதில் ஒரு கிழவர் சாகிற இடத்தில் அழுதாள், அழுததால் அது நல்ல இடம் என்று விட்டுவிட்டாள். ஒருத்தி வீட்டை விட்டு ஓடிப்போகிற இடத்தில் ஒட்டினாள், பிறகு அவள் திரும்பி வந்துவிடுகிறாள் என்று தெரிந்ததும் உரித்தாள். இப்படி ஒட்டியும் உரித்தும் தான் ஒரு பெரிய வேலை செய்கிறோம் என்ற மிதப்பு வந்துவிட்டது. எது பிள்ளைகளுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டாமா என்ற நினைப்பு அப்போது வரவில்லை. வந்திருந்தால் ஐந்தையும் டீச்சர் மேசையில் வைத்துவிட்டு எனக்கு நேரமில்லைங்க என்று கும்பிடு போட்டிருப்பாள். எத்தனை பேர் அப்படிச் சொல்லித் தப்பிக்கிறார்கள்.

ஐந்தாவது, பச்சை அட்டை. பேர் போன புத்தகம் ஒன்றும் இல்லை, அட்டையில் படம்கூடக் கிடையாது. அதில் ஒருத்தி. புருஷன் இல்லாதவள், பிழைக்க வெளியூர் போகவேண்டும், பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. விடியலில் எழுந்திருக்கிறாள். தூங்குகிற பிள்ளையின் கைக்குள் அவள் முந்தானை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு விரலாக எடுக்கிறாள், எடுத்த விரல் மறுபடி மூடிக்கொள்கிறது, கடைசியில் ஒரு துண்டைச் சுருட்டிப் பிள்ளையின் கைக்குள் வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பக்கத்தில் கெட்ட வார்த்தை இல்லை. முத்தம் இல்லை, குடி இல்லை, ரத்தம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் வேண்டுமானாலும் சத்தம் போட்டு வாசிக்கலாம். பஞ்சவர்ணம் படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பி, அதற்கடுத்த பக்கமும் திருப்பி, பிறகு திரும்பி வந்து பார்த்தபோது அங்கே அம்பு ஒட்டியிருந்தது. தானா ஒட்டினோம்? தான்தான், வேறு யார் வந்து ஒட்டப்போகிறார்கள். ஒவ்வொரு விரலாக எடுத்தாள் என்ற வரிக்கு நேரே, கொஞ்சம்கூடச் சாயாமல், கம்பெனியில் ஒட்டுகிற அதே சுத்தத்தோடு. எழுதினவனுக்கு என்ன தெரியும் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்படியெல்லாம் பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொள்ளாது. இவள் கிளம்பியது விடியலில் இல்லை, பட்டப்பகல். ஆண்டிபட்டியில் பஸ் நின்றுகொண்டிருந்தது, நாத்தனார் ஒச்சம்மா இடுப்பில் பிள்ளை, பிள்ளையின் கையில் பிஸ்கட். அழவில்லை. அழுதிருந்தால் இறங்கியிருப்பாளோ என்னவோ. பஸ் நகர்ந்ததும் ஒச்சம்மா பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள், அதுவும் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டியது. அந்தக் கையை விலக்குவதற்கு விரல் விரலாக எடுக்கவேண்டியிருக்கவில்லை. அதுதான் போய்வா என்று அனுப்பிவைத்ததே. ஒரு மாசத்தில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். ஒச்சம்மாவுக்குக் கேட்டிருக்குமோ, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாசம். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து முதல் புருஷன் தவமணி உள்ளே போனபோது பஞ்சவர்ணத்துக்கு மீசை முளைக்காத பையன்கள் சைட் அடிக்கிற வயசு. அண்ணன்தான் திருப்பூருக்குக் கூட்டிவந்து ஹாஸ்டலில் விட்டான், அண்ணன்தான் அடுத்த வருஷமே கனகராஜ் வீட்டில் பேசினான், முதல் கல்யாணம் என்று சொன்னதும் அவன்தான். "நீ வாயத் தொறக்காத தாயி, அது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான். வாயைத் திறக்காமல் இருப்பது சுலபம் என்று அன்றைக்குத் தோன்றியது. மாப்பிள்ளை நல்ல மாதிரி, குடி கிடையாது, கை நீட்டமாட்டான், இவளை ஒரு நாள்கூட ஏய் என்று அதட்டியதில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சண்டையில் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நல்லவனிடம் எந்த நேரத்தைப் பார்த்துச் சொல்வது? சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணம் ஆயிற்று. சுபிக்ஷா பிறந்த பிறகு ஒரு தடவை, ஊரில் கோயில் காரியம் என்று பொய் சொல்லிவிட்டு ஒச்சம்மா வீட்டு வாசல் வரை போனாள். ஒச்சம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. வாசலிலேயே நிறுத்திவிட்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "இனி இங்கிட்டு வராத தாயி. அது என்னையத்தான் ஆத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. நீ வந்து நின்னா அதுக்கு நானும் இல்லாமப் போகும், நீயும் இல்லாமப் போகும்." சண்டை போடவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். உள்ளே யாரோ பாட்டுப் போல ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பாட்டு. கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள். இப்போது அதற்குப் பதினெட்டு ஆகியிருக்கும். கல்யாணமே ஆகியிருந்தாலும் யார் வந்து சொல்லப்போகிறார்கள்.

"அம்மா, இந்தப் பக்கத்துல என்னம்மா தப்பு? நான் ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல." நேற்று ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டாள். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த ஐந்தையும் அவள் எப்போது எடுத்தாளோ. முழுக்கப் படித்திருந்தால்கூடப் பரவாயில்லை, நல்லதும் கெட்டதுமாகக் கலந்து போயிருக்கும். எந்தப் பிள்ளைதான் அப்படிப் படிக்கும்? அம்பு இருக்கிற பக்கமாகப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். எதைப் படிக்கக்கூடாதோ அதற்கு அம்மாவே வழி போட்டுக் கொடுத்திருக்கிறாள், உலகத்தில் வேறு எந்த அம்மாவும் செய்யமாட்டாள் இப்படி ஒரு கூத்தை. மிராசுதாரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதட்டி அனுப்பியிருக்கலாம். முத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருக்கலாம். அங்கெல்லாம் அம்பு ஏன் இருக்கிறது என்று அவளுக்கே தெரியும், அதனால் கேட்கவில்லை. தெரியாத இடத்தைத்தான் கேட்டாள். "தெரியாம ஒட்டிட்டேன்" என்றாள் பஞ்சவர்ணம், தட்டிலிருந்து கையை எடுக்காமல். "ஓ" என்றாள் சுபிக்ஷா. தண்ணீர் குடித்தாள். படுத்துவிட்டாள். எல்லோரும் தூங்கிய பிறகு பஞ்சவர்ணம் எழுந்து போய் அந்த ஸ்டிக்கரை உரித்தாள். துணியிலிருந்து வருகிற மாதிரி வரவில்லை, பழைய தாள், கூடவே பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. விரலாக என்ற வார்த்தை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு காயம். ஒட்டியிருந்தபோது பத்தோடு பதினொன்றாக இருந்த பக்கம், இப்போது புத்தகத்தைத் திறந்தால் தானாக வந்து முன்னால் நிற்கிறது. காலையில் அந்தப் புத்தகங்களைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் சுபிக்ஷாதான். "மத்தியானம் மீட்டிங்குக்கு வருவல்ல?" என்றாள், தலையைப் பின்னக் கொடுத்துக்கொண்டே. முகம் தெரியவில்லை. பின்னுகிறவளுக்கு முகம் எப்படித் தெரியும்.

தெரிந்திருக்காது. பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன தெரியும். கதையில் வருகிற ஒருத்திக்கும் அம்மாவுக்கும் முடிச்சுப் போடுகிற அளவுக்கு அதற்கு மூளை வளர்ந்துவிட்டதா என்ன. வளர்ந்துவிட்டது. அதுதான் பயமே. தெரியாம என்ற வார்த்தையை அவள் முதல் தடவை கேட்கவில்லை. கம்பெனியில் சின்னக் குறையுள்ள செகண்ட்ஸ் துணியை மலிவாகப் போடும்போதெல்லாம் பஞ்சவர்ணம் சுபிக்ஷாவுக்கு ஒன்று எடுப்பாள், கூடவே இன்னொன்று பெரிய சைஸில் எடுப்பாள். கை தானாக எடுத்துவிடும், எந்த வருஷத்துக்கு எந்த சைஸ் என்று கைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கொடுக்க ஆள் கிடையாது, பீரோவுக்கு அடியில் பெட்டிக்குள் போய்விடும். "யாருக்கும்மா இது?" என்று ஒரு தடவை கேட்டாள். தெரியாம எடுத்துட்டேன் கண்ணு, நீ வளந்தா போட்டுக்கலாம். வளர்ந்து வளர்ந்து போட்டுக்கொண்டாள். எத்தனை தீபாவளிக்கு, எத்தனை பிறந்தநாளுக்கு. இன்னொருத்திக்கென்று எடுத்ததையெல்லாம் ஐந்து வருஷம் கழித்து இவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, நல்லாருக்காம்மா என்பாள். நல்லாருக்கு கண்ணு. கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, ஏம்மா நான் அவ்ளோ அழகா என்று கட்டிக்கொள்வாள். செக்கிங் பண்ணுகிறவள் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பார்க்கிறாள், சைஸ் தெரியாமலா எடுப்பாள்? அதுவும் வருஷா வருஷம், அதே அளவு பெரிதாக? இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்தால் சுபிக்ஷா நேற்றோடு கணக்கை முடித்திருப்பாள். ஓ என்று சொன்னாளே, அது புரியாதவள் சொல்கிற ஓ இல்லை. புரியாவிட்டால் சுபிக்ஷா விடமாட்டாள், பின்னாலேயே வந்து நச்சரிப்பாள், சின்ன வயசிலிருந்து அப்படி. நேற்று நச்சரிக்கவில்லை.

சொல்லிவிடுவது. டீ வந்தபோது அந்த எண்ணம் வந்தது, டீயைக் குடித்து முடிப்பதற்குள் முடிவாகவே ஆகிவிட்டது. இன்றைக்கே, மீட்டிங் முடிந்ததும் வராந்தாவில் ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லிவிடுவது. அப்பாவிடம் பிறகு. முதலில் பிள்ளையிடம். கண்ணு, அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சரி, அதற்கப்புறம்? அம்மாவுக்கு முன்னாலயே ஒரு கல்யாணம். இல்லை, கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தால் அவள் முகம் அப்போதே மாறிவிடும். மண் சரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம், பாவம் என்று தோன்றும். பாவம் என்று தோன்றவைப்பதற்காகச் செத்தவனைக் கூட்டிவருவதா? அம்மா சின்னப் புள்ளடா அப்ப. மாமாதான் வாயத் தொறக்காதன்னு. மாமா மேல் பழியைப் போட்டால் ஆயிற்றா, வாய் யாருடையது? ஒச்சம்மா அத்தை வரவேண்டாம்னு சொல்லிருச்சு. சொன்னால் வராமல் இருந்துவிடுவாயா என்பாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்னையும் விட்டுவிட்டுப் போயிருப்பாயா என்பாள். அதைத்தான் கேட்பாள். இல்லை கண்ணு, உன்னை விடமாட்டேன் என்று சொல்லவேண்டும், சொன்னால் அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் விட்டாய் என்று ஆகிவிடும், விடுவேன் என்றும் சொல்ல முடியாது. பஞ்சவர்ணம் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டு, திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். பீஸ் குவிந்துகொண்டே போயிற்று. "உடம்பு சொகமில்லீனா சொல்லீரு புள்ள, எனக்குஞ் சேத்து ஏச்சு உழுகுது" என்று மரகதம் முனகினாள். உடம்புக்கு ஒன்றுமில்லைக்கா. சூப்பர்வைசர் சதீஷிடம் போய் நின்றாள். "பர்மிஷன்னா ரெண்டு மணி நேரம்தான்க்கா, அப்புறம் வந்து இந்தக் கட்ட முடிச்சுக் குடுத்துரணும்" என்றான் தலையைத் தூக்காமல். ரெண்டு மணி நேரம் ஏராளம். சொல்வதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? ஆகாது. ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும். பள்ளிக்கூடம் வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வாய் அசைவதைப் பார்த்துவிட்டு எதிரே வந்த பேக்கரிக்காரர், போன் பேசுகிறாளாக்கும் என்று ஒதுங்கி வழிவிட்டார்.

மீட்டிங் என்பது ஏழெட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தட்டு முறுக்கும்தான். ஆட்டோ ஓட்டும் சென்னியப்பன், "நான் அட்டையெல்லாம் பாத்தனுங்க டீச்சர், நல்லாத்தான் இருக்குதுங்க" என்று ஐந்தையும் முன்னால் நகர்த்தினார். மாவுக்கடை ருக்குமணி, "எனக்கு நேரமெங்கீங்க, எம்பட பையன்தான் படிச்சுப்போட்டு நல்லாருக்குதுன்னு சொன்னானுங்க" என்றாள். அந்தப் பையன் அதே எட்டாம் வகுப்புதான். எது பிள்ளைகளுக்கு ஆகும் என்று பிள்ளையே படித்துச் சொல்லியாயிற்று, கமிட்டி எதற்கு. கௌசல்யா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "பஞ்சவர்ணம் ஒருத்தங்கதான் ஒழுங்காப் படிச்சிருக்காங்க, பாருங்க, எத்தனை குறிப்பு" என்று ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகங்களைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கொலைப் புத்தகம் போகலாம் என்றாள் பஞ்சவர்ணம். குடிகார அப்பன் போகலாம். கிழவர் சாகிறது போகலாம். மிராசுதார் வேண்டாம். டீச்சர் பச்சை அட்டையைக் கையில் எடுத்தார், எடுத்ததுமே அந்தப் பக்கம் திறந்துகொண்டது, அவர் விரலால் அந்த வெள்ளைக் காயத்தைத் தடவிப் பார்த்தார். "இது?" வேண்டாங்க. "நான் கொஞ்சம் படிச்சேன், நல்லா எழுதியிருக்கே. என்ன காரணம் சொல்லலாம்?" என்ன காரணம் சொல்லலாம். அதுதான் காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே. "ஒண்ணும் தப்பில்லைங்க டீச்சர். பிள்ளைங்க படிச்சா மனசு கஷ்டப்படுங்க." சென்னியப்பன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அது கரெக்ட்டுங்க, பசங்களுக்கு எதுக்கு மனக்கஷ்டம்" என்றார். டீச்சர் புத்தகத்தை மூடினார். "படிச்சவங்க பேச்சுதான் பேச்சு" என்று சொல்லி மிராசுதாரோடு அந்தப் புத்தகத்தையும் சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினார். நாலு கொலை நூலகத்துக்குப் போயிற்று. இவ்வளவு சுலபமாக முடியும் என்று பஞ்சவர்ணம் நினைக்கவில்லை. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். புத்தகத்தைப் பூட்டியாயிற்று, இனிமேல் யாரும் அதை எந்தப் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள், அதைப் படிக்கக் கூடாத ஒரே ஒரு பிள்ளை அதைப் படித்து முடித்துவிட்டது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

வராந்தாவில் சுபிக்ஷா நின்றிருந்தாள். தண்ணீர் குடிக்க என்று வகுப்பிலிருந்து கேட்டு வந்திருப்பாள், கையில் பாட்டில் இருந்தது, பாட்டில் நிறையத் தண்ணீரும் இருந்தது. பஞ்சவர்ணம் ஓரமாகப் போய் நின்றாள், பக்கத்தில் வரட்டும் என்று. வந்தாள். கண்ணு, அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்கிற வரி வாய்க்குள் தயாராக இருந்தது. அதற்கு அடுத்த வரியும் இருந்தது. ஏன், யாரால், எந்த வயசில், யார் என்ன சொன்னார்கள், தனக்கு எவ்வளவு வலித்தது, எல்லாம் வரிசையாக இருந்தன. சுபிக்ஷா அதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. அழவுமில்லை, கோபமும் இல்லை, முகத்தில் ஒரு ஆவல்தான் இருந்தது, புதிதாக ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிற ஆவல். யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பேரு என்னம்மா?" என்றாள். காலையிலிருந்து பஞ்சவர்ணம் அடுக்கிய அத்தனை வரியும் தன்னைப் பற்றியது. ஒரு வரிகூட அந்தப் பிள்ளையைப் பற்றியது இல்லை.

"யாரு பேரு?" என்றாள்.

அவள் குரல்தான். அண்ணன் சொல்லித் தரவில்லை, ஒச்சம்மா சொல்லச் சொல்லவில்லை. முகத்தில் எதுவுமே தெரியாமல், நிஜமாகவே புரியாதவள் மாதிரி, புருவத்தைக்கூடக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கேட்டாள். இத்தனை வருஷத்தில் எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறது. சுபிக்ஷா அம்மாவையே பார்த்தாள். இன்னொரு தடவை கேட்பாள் என்று பஞ்சவர்ணம் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடலாம், இன்னொரு தடவை கேட்டால் நிச்சயம் சொல்லிவிடலாம், முதல் தடவை வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான். சுபிக்ஷா பாட்டில் மூடியைத் திருகினாள். "ஒண்ணுமில்லம்மா. சும்மா" என்றாள். "நீ போ, கம்பெனிக்கு லேட்டாயிரும்." பெரிய மனுஷி மாதிரி, அன்பாகத்தான் சொன்னாள். இனி கேட்கமாட்டாள் என்பது அந்த அன்பிலேயே தெரிந்துவிட்டது. முத்துப்பேச்சி. அதுதான் பேர். தவமணி வீட்டுக் குலதெய்வத்தின் பேர், தொட்டிலில் போட்ட அன்று காதில் மூன்று தடவை சொன்னதும் பஞ்சவர்ணம்தான். அதற்குப் பிறகு திருப்பூரில் எந்த வாயும் அதைச் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு பிள்ளை வலிய வந்து கேட்டது, தன் அக்காவின் பேரைத்தான் கேட்டது, ஒரே வார்த்தை, சொல்லியிருந்தால் அதற்கு ஒரு அக்கா இருந்திருப்பாள். பஞ்சவர்ணம் அந்தப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தபோது சுபிக்ஷா வகுப்புக்குள் போய்விட்டிருந்தாள். உள்ளே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.